போதகருக்குத் துணை நின்றோர்

சாட்டி என்றதும் யாழ்ப்பாணத்தாருக்கு முதலில் நினைவுக்கு வருவது கடற்குளிப்பு. பண்ணைத் தாம்போதியால் மேற்கே சென்று, மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் கடந்து போனால், வேலணைத் தீவின் கரையில் வெண்மணலும் பனங்கூடலும் நன்னீர்க் கிணறுகளுமாக அவ்வூர் கிடக்கின்றது. கத்தோலிக்க மக்களுக்கோ அது வேறொரு காரணத்தால் உரிமையான இடம். ஆங்கே சிந்தாத்திரை மாதாவின் கோயில் உளது. சிந்து என்பது கடல். யாத்திரை என்பது பயணம். இரண்டுஞ் சேர்ந்து கரையோர மக்களின் நாவிலே உருண்டு சிந்தாத்திரை ஆயிற்று என்பர். கடல்மேற் செல்வோருக்குத் துணை நிற்கும் தாய் என்பது கருத்து.

அப்பெயரைக் கேட்குந்தோறும் எனக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. மீன்பிடிக்கவும் வாணிகஞ் செய்யவும் இக்கடலில் ஓடியவர்கள் போக, சமயம் போதிக்கவென்றும் பலர் இவ்வழியே வந்தனர். அவர்களைப் பற்றி நம்மவர் இரு வகையாக எழுதியிருக்கின்றனர். ஒரு சாரார் அவர்களைத் தேவதூதராக்கி விட்டனர். மற்றொரு சாரார் அவர்களை மதமாற்றத்துக்கு வந்த படையாட்களாகவே கண்டனர். சைவக் குடும்பத்திற் பிறந்த நான் இளமையில் மிகுதியும் படித்தவை இரண்டாம் வகை நூல்களே. இரு வகையிலும் காணக்கிடையாத செய்தி ஒன்று உண்டு. பேசத் தெரியாத ஊரில் வந்திறங்கிய அம்மனிதருக்கு மொழி சொல்லிக் கொடுத்தவர் யார், பிணியிற் கிடந்தபோது கஞ்சி வார்த்தவர் யார், மனம் ஒடிந்தபோது கடிதம் எழுதித் தேற்றியவர் யார் என்பதே அது. இக்காலத்தில் மேனாட்டுத் திருச்சபைகள் இதற்கெனப் பயிற்சி பெற்ற ஆலோசகர்களை நியமிக்கின்றன. ஊழியருக்குத் தனிப்பட்ட வழிகாட்டல், ஓய்வுக்காலம், உளநல உதவி என்று ஒரு தனித்துறையே வளர்ந்துவிட்டது. துறைதான் புதியது. தேவை, சவேரியார் காலத்திலேயே இருந்தது.

அவரிடமிருந்தே தொடங்கலாம். 1544ஆம் ஆண்டில் பிரான்சிஸ் சவேரியார் நமக்கு அக்கரையான முத்துக்குளித்துறையில் இருந்தார். அவர் அனுப்பிய ஒரு குருவால் அவ்வாண்டில் மன்னாரிற் பலர் கிறிஸ்தவராயினர் என்பதும், சங்கிலி மன்னன் அவர்களைக் கொல்வித்தான் என்பதும் நாம் பள்ளிக்கூடத்திற் படித்தவை. அதே ஆண்டில் அவர் செய்த மற்றொரு காரியம் பாடநூல்களில் வருவதில்லை. பிரான்சிஸ்கோ மன்சில்யாஸ் என்ற துணைவர் ஒருவர் அவருக்கு இருந்தார். கல்வியிற் சிறந்தவர் அல்லர். பொறுமையிலும் அப்படியே என்று ஊகிக்க இடமுண்டு. அவர் ஓரூரில் இருக்க, சவேரியார் மணப்பாடு, தூத்துக்குடி எனக் கரையோரமாக நடந்து திரிந்தார். திரிந்த இடங்களிலிருந்தெல்லாம் அவருக்குக் கடிதம் எழுதினார். இருபதுக்கு மேற்பட்ட அக்கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன.

அவற்றிலே வேத சாத்திர விளக்கம் எதிர்பார்ப்போர் ஏமாறுவர். சனங்கள்மேற் சினங்கொள்ளாமல், பொல்லாத பிள்ளையைத் தகப்பன் பொறுப்பது போலப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் கணக்கப்பிள்ளைமாரின் கூலியை நிறுத்தலாகாது. உம்முடைய செய்தியை விரிவாக எழுதும். எனக்காகவும் வேண்டிக்கொள்ளும் என்று இவ்வாறே அவை செல்கின்றன. தலைமாணாக்கன் ஒருவன் கீழ்வகுப்புத் தம்பியைக் கைபிடித்து நடத்துவது போன்ற அந்தப் பரிவிலே சவேரியாரின் வேறெந்தப் புகழிலும் காணாத ஒரு மனிதத் தன்மையை நான் காண்கிறேன். பயன் யாது என்று கேட்பீர்களாயின், மன்சில்யாஸ் பின்னர் மொலுக்காத் தீவுகளுக்குப் போகும்படி வந்த கட்டளைக்கு இணங்கவில்லை. 1548இல் இயேசு சபையிலிருந்து நீக்கப்பட்டார். இத்தனை கடிதம் பெற்றவரும் நிலைக்கவில்லை. ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு இது புதுமையன்று.

சவேரியாரும் தமக்கென ஒரு துணையை வைத்திருந்தார். உரோமாபுரியிலிருந்து தோழர் எழுதிய கடிதங்களில் அவர்கள் கைப்பட இட்ட ஒப்பங்களை வெட்டியெடுத்து, அவற்றைத் தம்முடன் எப்போதும் கொண்டு திரிவதாக 1546இல் அம்பொன் தீவிலிருந்து தாமே எழுதியிருக்கிறார். ஒரு கடிதத்துக்கு மறுமொழி வர இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும் காலம் அது. கையொப்பத்தையேனும் நெஞ்சோடு வைத்திருக்க வேண்டியிருந்தது.

மன்சில்யாசுக்குக் கடிதங்கள் போன காலத்துக்கு 143 ஆண்டுகளின் பின், கடிதமும் இல்லாத ஒருவர் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினர். ஒளித்து வைப்போருக்கு மரண தண்டனை என்றும் கட்டளையிட்டனர். தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டு ஊர்களின் பெயரைச் சூட்டி மகிழ்ந்தவர்களும் அவர்களே. வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நெடுந்தீவின் டெல்ப்ட் மாத்திரம் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்க, ஏனையவற்றைக் கடற்காற்றுக் கொண்டுபோய்விட்டது. இவர்கள் ஆட்சியிலேதான், குருவானவர் ஒருவரேனும் இல்லாத கத்தோலிக்கரைத் தேடி, கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் கூலியாள் வேடத்தில் வந்தார்.

அவருடன் வந்தவர் ஜோன் என்ற பணியாள் ஒருவரே. தூத்துக்குடியில் ஏறிய தோணி புயலில் அலைப்புண்டு மன்னார்க் கரையை அடைந்தது. யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது வாஸ் அடிகளார் வயிற்றுளைவினால் வீழ்ந்தார். தொற்றுக்கு அஞ்சிய ஊரார் அவரைப் புறத்தே ஒதுக்கிவிட, ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து ஊட்டி அவரைப் பிழைக்க வைத்தாள் என்று அவருடைய வரலாறு கூறுகின்றது. அவள் பெயர் எழுதப்படவில்லை. 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் வாஸ் அடிகளாரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தபோது, எத்தனையோ பெயர்கள் போற்றப்பட்டன. பெயரில்லாத அந்தக் கஞ்சிக்காரியை நான் நினைத்துக்கொண்டேன்.

உடல் தேறியபின் அவர் கழுத்திலே செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை ஏற்றார். அம்மாலையைக் கண்டு யார் முகம் மாறுகின்றது என்று நோக்குவதே அவர் உபாயம். பின்னர்ச் சில்லாலை அவருக்கு இருப்பிடமாயிற்று. ஊரார் அவரை இரவில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கடத்தினர். மூப்பர்களும் அண்ணாவிமாரும் செய்தி கொண்டு ஓடினர். கட்டளையோ மரணம், ஆயினும் கதவு திறந்தது. பிறகு அவர் புத்தளத்துக்கும், 1692இல் கண்டிக்கும் போனார். கண்டியிலே போர்த்துக்கேய உளவாளி என்று சிறை வைக்கப்பட்டார். இத்தனைக்கும் நடுவே இலங்கையில் இன்னொரு கத்தோலிக்கக் குரு இல்லை. பிறருடைய பாவசங்கீர்த்தனங்களை ஆயிரக்கணக்கிற் கேட்டவருக்குத் தம்முடையதைச் சொல்ல ஒருவரும் இல்லை. 1687 முதல் 1696 வரை ஒன்பது ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. கத்தோலிக்கர் அல்லாத எனக்கும் அவர் வாழ்வில் மிகக் கொடிய பகுதி சிறையன்று, இதுவே என்று தோன்றுகின்றது.

1696இல் கோவாவின் ஒரட்டோரியத்திலிருந்து யோசேப் டி மெனேசஸ், யோசேப் கர்வாலோ என்னும் இருவர் வந்து சேர்ந்தனர். கர்வாலோ வாஸ் அடிகளாரின் மருமகன் முறையினர். அடுத்த ஆண்டில் கண்டியிலே அம்மை நோய் பரவி, வீட்டார் தம் பிணியாளரைக் காட்டிலே விட்டோடிய நாட்களில், மாமனும் மருமகனுமாக அவர்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரைப் புதைத்தனர். துணையில்லாதிருந்தவர் இப்போது பிறருக்குத் துணையானார். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வஸ் என்ற இளங்குருவை அவர் நடத்திய விதம் தனியே ஒரு கட்டுரைக்கு உரியது. அவரது மொழித்திறனைக் கண்டுகொண்டு, சிங்களத்தையும் தமிழையும் ஆழக் கற்று நூல் எழுதும்படி ஊக்கினார். வியாகுலப் பிரசங்கமும் தேவ அருள்வேத புராணமும் நமக்குக் கிடைத்தமைக்கு எழுதியவரின் புலமை ஒரு காரணம். அவரை எழுதவிட்ட மூத்தவரின் கண் மற்றொரு காரணம். தலைவர் தம் கீழுள்ளவரின் திறமையைக் கண்டு வழிவிடுதல் நம் நாட்டில் அடிக்கடி நிகழ்வதன்று. 1711 சனவரி 16இல் வாஸ் அடிகளார் கண்டியில் இறந்தபோது, தாம் வந்த நாளில் இல்லாதிருந்த சகோதரர்கள் அவர் பணியைத் தாங்க இருந்தார்கள்.

வாஸ் அடிகளாரின் ஒரட்டோரியச் சபையை உரோமாபுரியில் நிறுவியவர் பிலிப்பு நேரியார். சாட்டிக்குப் போகும் வழியிலுள்ள அல்லைப்பிட்டிக் கோயில் அவர் பெயரால் அமைந்தது. 2006 ஆகஸ்டு 13ஆம் நாள் அக்கோயிலில் தஞ்சமிருந்த மக்கள்மேல் எறிகணை வீழ்ந்து பலர் மாண்டனர். பங்குக் குருவாயிருந்த திருச்செல்வம் நிகால் ஜிம் பிரவுண் அடிகளார் காயப்பட்டோரையும் எஞ்சியோரையும் வெளியேற்ற உதவினார். ஆகஸ்டு 20இல் அல்லைப்பிட்டிக்குச் சென்றவர் திரும்பி வரவில்லை. அவருடன் போயிருந்த பொதுநிலையினர் ஒருவரும் திரும்பி வரவில்லை. வாஸ் அடிகளாருடன் ஜோன் வந்தது போல இவருடனும் ஒருவர். குருவானவரின் படத்தைப் பலர் கண்டிருப்பர். உடன் சென்றவரின் முகம் அவர் வீட்டாருக்கு மட்டுமே தெரியும்.

இனி, மொழி சொல்லிக் கொடுத்தவர்களைப் பற்றி. சைவரான நாம் கூறத் தயங்கும் வரலாறு இது. கிறிஸ்தவரும் சற்றுத் தயக்கத்தோடுதான் கூறுவர். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தபோது அவர்களுக்குத் தமிழ் தெரியாது. வெஸ்லியன் சபையாருக்கும் முதலில் அப்படியே. அவர்களுக்கு நெடுங்கணக்கு முதல் நன்னூல் வரை சொல்லிக் கொடுத்தோர் சைவப் பண்டிதர்களும் முன்ஷிமாரும் ஆவர். முன்ஷி என்பார் கூலிக்கு இலக்கணம் சொல்பவர் மாத்திரமல்லர். இன்ன வீட்டில் இன்னபடி பேசவேண்டும், இன்ன சொல்லைப் பெண்கள் முன் சொல்லலாகாது, இழவு வீட்டிற்கு எந்த வேளை போகவேண்டும் என்பவற்றையும் சொல்லித்தர வேண்டியவர் அவரே. நாள்தோறும் பாயிலோ கதிரையிலோ எதிரெதிரே இருந்து, இவர் வாயைப் பார்த்து அவர் உச்சரிக்க, அவர் பிழையை இவர் திருத்த, அந்நியருக்குத் தம் இயலாமையைக் கூச்சமின்றிக் காட்டக்கூடிய ஒரே மனிதராக முன்ஷி ஆனார்.

இவ்வகையிற் பெரும்பெயர் பெற்ற இணை பீற்றர் பேர்சிவலும் ஆறுமுக நாவலருமே. பேர்சிவல் நடத்திய பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகி, அவரது விவிலிய மொழிபெயர்ப்புக்கு உறுதுணையாக இருந்தார் நாவலர். அப்பணி முற்றும் வேளையில், 1848இல், பாடசாலையை விட்டு நீங்கி வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அதன்பின் நாவலர் மிஷனரிமாரை எவ்வாறு எதிர்த்தார் என்பது யாவரும் அறிந்தது. பேர்சிவலோ தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டுவதிலும், சென்னையில் தினவர்த்தமானி நடத்துவதிலும் வாழ்நாளைச் செலவிட்டார். இவர் அவரை மாற்றவில்லை. அவர் இவரை மாற்றவில்லை. ஒரு மேசையில் ஆண்டுக்கணக்காக இருந்து ஒரு சொல்லுக்காக வாதாடியதால் இருவர் தமிழும் கூர்மையடைந்தது. நாவலரின் வசன நடைக்கு இந்த வாதாட்டத்தின் பங்கு எவ்வளவு என்று ஆராய மாணவர் யாராவது முன்வரலாம்.

பெண்களையும் மறத்தலாகாது. எலைசா அக்னியூ அம்மையார் 1840இல் உடுவில் மகளிர் பாடசாலைக்கு வந்தார். தாய்நாட்டுக்கு ஒரு முறையேனும் திரும்பிப் போகாமல் 1879 வரை அதனை நடத்தினார். ஓய்வு பெற்ற முதியவரை மானிப்பாயில் தங்கள் வீட்டில் வைத்துப் பராமரித்தவர்கள் மேரி, மார்கரெட் லீச் என்னும் சகோதரிகள். 1880இல் வந்த இவ்விளம் பெண்கள், 1883இல் அம்மையார் கண்மூடும் வரை அவருடன் இருந்தனர். நாற்பதாண்டு அனுபவம் ஒரு கட்டிலில் இருக்க, அதனருகே புதியவர்கள் இருவர் இருந்து கேட்டுக்கொண்டிருந்தனர் என்று எண்ணிப் பார்க்கிறேன். எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் கிடையாத பாடம் அங்கே நடந்திருக்கும்.

அந்த அமெரிக்க மிஷன் காலத்திலேதான் நம் தீவுகளும் கதைக்குள் வருகின்றன. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர் தாமே ஒரு சுதேச சுவிசேஷ சங்கத்தை அமைத்து, தீவுப் பகுதிகளில் ஊழியஞ் செய்யும் பொறுப்பைத் தமதாக்கிக் கொண்டனர். அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? சமைக்கப் போகும் பெண், உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையில் இட்டாள். அந்தப் பிடியரிசி சேர்ந்து சங்கத்துக்குப் போயிற்று. சிலர் வளவில் ஒரு தென்னையை அதற்கென்று குறித்து விட்டனர். நெடுந்தீவுக்கோ புங்குடுதீவுக்கோ தோணியேறிப் போன ஊழியர், தம் சோறு இன்னார் இன்னார் பானையிலிருந்து வந்தது என்று அறிந்திருப்பார். கடல் கடந்த தலைமையகத்திலிருந்து வரும் சம்பளத்துக்கும் இதற்கும் வேற்றுமை உண்டு.

இந்த வழக்கம் தீவுகளோடு நிற்கவில்லை. பாக்குநீரிணைக்கு அப்பால் தொண்டியிலும் யாழ்ப்பாணத் தமிழர் தம் சொந்தப் பொருளைக் கொண்டு ஊழியம் நடத்தினர். 1902இல் இங்கு வந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அதனைக் கண்டு வியந்தார். திருநெல்வேலிக்குத் திரும்பியவர், அடுத்த ஆண்டிலே இந்திய மிஷனரி சங்கம் தோன்றக் காரணமானார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானவரும் அவரே. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மகாநாட்டில் அவர் ஆற்றிய உரை சபையிற் சலசலப்பை உண்டாக்கியது. வெள்ளைக்கார மிஷனரிக்கும் அவர் கீழ் வேலை செய்யும் இந்திய ஊழியருக்கும் இடையே எசமான், வேலையாள் என்ற உறவே இருக்கின்றது. பொருளுதவியும் தியாகமும் தந்தீர்கள், எங்களுக்கு வேண்டியது நட்பு என்பது அவர் முறையீடு. இருபது ஆண்டு உடன் உழைத்தும் ஒருவர் வீட்டில் மற்றவர் ஒருவேளை உண்ணாத நிலையில் வழிகாட்டல் எங்ஙனம் நிகழும்? சில மிஷனரிமார் சினந்தனர் என்பர். சினந்ததே அவர் கூற்றுக்குச் சான்று.

இவற்றையெல்லாம் இன்று நான் எழுதப் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. என்னிடம் தமிழ் படித்த தீவுப்பகுதி இளைஞன் ஒருவன் குருத்துவக் கல்வி முடித்து, ஒரு திருச்சபையின் ஊழியனாக மலைநாட்டுத் தோட்டப் பகுதிக்குப் போனான். பத்து மாதத்தின் பின் அவனிடமிருந்து கடிதம் வந்தது. மாதந்தோறும் அறிக்கை கேட்கிறார்கள் சேர், எத்தனை வீடு போனேன், எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுத வேண்டும். நித்திரை கொள்கிறாயா என்று ஒருவரும் கேட்டதில்லை, என்று எழுதியிருந்தான். லயத்துக் கிழவிகள் அவன் யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்களாம். பிரசங்கஞ் செய்யும்போது தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்கிறதாம். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றும் கேட்டிருந்தான்.

சைவனான என்னிடம் இதை எழுதினானே என்று முதலில் திகைத்தேன். பின்னர் முன்ஷிமார் நினைவுக்கு வந்தார்கள். மேலதிகாரிக்குச் சொன்னால் தகுதிக்குறைவாகும், தாய்க்குச் சொன்னால் அவள் அழுவாள். இரண்டுமல்லாத ஒருவர் வேண்டியிருந்திருக்கிறது. பிரான்சிலே கன்னிமடத்தின் மதிலுக்குள் வாழ்ந்து 24 வயதில் 1897இல் இறந்த குழந்தை தெரேசம்மாள், சீனாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் சென்ற இரு இளங்குருமாருக்குக் கடிதம் எழுதியே துணைநின்றார். மடத்தை விட்டு வெளியே போகாத அவரை 1927இல் பாப்பரசர் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலி ஆக்கினார். அவருடைய புனிதம் எனக்கு இல்லை. தபால் முத்திரை வாங்க வசதி உண்டு.

மறுமொழி எழுதினேன். சமயத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அது என் வேலையன்று. சிரிக்கும் கிழவிகளிடமே பேச்சைக் கற்றுக்கொள் என்றும், வாரத்தில் ஒருவேளை யார் வீட்டிலாவது அவர்கள் சமைத்ததை அவர்களோடிருந்து உண் என்றும், உன் தலைவரிடம் அறிக்கையோடு கூடவே உன் உடல்நிலையையும் எழுதி அனுப்பு, கேட்காவிட்டாலும் எழுது என்றும் சொன்னேன். அவன் திரும்பி வரவில்லை. ஆண்டு இரண்டாகிறது, ஒன்பது கடிதம் வந்திருக்கிறது. தேயிலைக் கொழுந்துக்கும் மழைக்கும் அட்டைக்கும் அங்குள்ளோர் வழங்கும் சொற்களை ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் எனக்குப் பட்டியலிட்டு அனுப்புகிறான். இப்போது யார் யாருக்கு முன்ஷி என்று தெரியவில்லை. சென்ற கிழமை வந்த உறையில் நத்தார்ப் பிரசங்கம் ஒன்றையும் வைத்து, தமிழ்ப் பிழை பார்த்துத் தரும்படி கேட்டிருந்தான். சிவப்பு மையால் மூன்று சந்திப் பிழைகளைத் திருத்தி, ஒரு நீண்ட வாக்கியத்தை இரண்டாக வெட்டி, திங்கட்கிழமைத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.